மடக்குக் கத்தி வாங்கப் போகிறீர்களா? முதலில் மூட்டுப் பகுதியைப் பாருங்கள்

யூரியாப் பையின் வாய்த் தையலைப் பிரிக்க வேண்டும். தண்ணீர் இறைக்கும் ஹோஸின் நுனி கிழிந்துவிட்டது, ஒரு சாண் வெட்டி எறிந்துவிட்டு மறுபடி கிளிப் போட வேண்டும். வேலி கட்டிய நைலோன் கயிற்றில் மிச்சத்தை அறுக்க வேண்டும். மத்தியானம் வரம்பில் இருந்து ஒரு வெள்ளரிக்காய் நறுக்க வேண்டும். வன்னியில் காலையில் வேலைக்கு வெளிக்கிட்டால் பொழுதுபடுவதற்குள் பத்துத் தடவையாவது கத்தி தேவைப்படும். இதற்கெல்லாம் கொடுவாக்கத்தியைத் தூக்கிக்கொண்டு திரிய முடியாது. பல்லால் கடித்து இழுப்பவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். உரம் படிந்த நூலை வாயில் வைப்பது நல்லதே அல்ல.

சட்டைப்பையில் அடங்கும் ஒரு மடக்குக் கத்தி இருந்தால் இந்த வேலைகள் எல்லாம் நொடியில் முடியும். பேனாக்கத்தி, வில்லுக்கத்தி என்றும் சொல்வார்கள். முதன்முதலாக ஒன்று வாங்க நினைப்பவர்களுக்கு எதைப் பார்த்து வாங்குவது என்று சொல்லத்தான் இதை எழுதுகிறேன்.

நான் வோட்டர் பம்ப் திருத்துகிறவன். இரணைமடுவுக்குக் கீழே உள்ள வயல்களில் இருந்து அங்கால முத்தையன்கட்டுப் பக்கம் வரை போய் வருவேன். தொழில் தொடங்கிய வருடம் ஒரு கடையில் ஆசையாக ஒரு கத்தி வாங்கினேன். கறுப்பு அலகு, பிடியில் பாம்பு உருவம், விசையைத் தட்டினால் பட்டென்று திறக்கும். இரண்டாம் கிழமையே தடித்த ஹோஸ் ஒன்றை வெட்டும்போது அலகு நடுவில் இறுகிவிட்டது. பின்னால் இழுத்து அசைத்தேன். பூட்டு வழுக்கி, அலகு என் சுட்டுவிரலின் மேலேயே மூடிக்கொண்டது. மூன்று தையல். கையில் துணியைச் சுற்றிக்கொண்டு நின்ற என்னிடம், பக்கத்துக் காணியில் கொல்லுப் பட்டறை வைத்திருந்த ஐயா அந்தக் கத்தியை வாங்கிப் பார்த்தார். "தம்பி, திறந்து வடிவு பாக்கிறதெல்லாம் பிறகு. முதல்ல மூட்டைப் பார்," என்றார்.

அந்த ஒரு சொல்லை விரித்துச் சொன்னால் இந்தக் கட்டுரையின் பாதி முடிந்துவிடும்.

ஒரு கத்தியை நடுவில் ஒடித்து, ஒடித்த இடத்தில் ஓர் ஆணி போட்டுச் சேர்த்தால் அதுதான் மடக்குக் கத்தி. அந்தச் சேரும் இடம்தான் மூட்டு. குசினிக் கத்தியிலோ பாளைக் கத்தியிலோ அலகின் இரும்பு பிடிக்குள்ளும் ஓடும். மடக்குக் கத்தியில் அப்படி இல்லை. அலகுக்கும் பிடிக்கும் இடையில் உள்ள உறவு முழுவதும் அந்த ஆணியிலும், அதன் பக்கத்தில் உள்ள பூட்டிலும்தான் தங்கியிருக்கிறது. அலகு எவ்வளவு நல்ல உருக்காக இருந்தாலும் மூட்டு தளர்ந்திருந்தால் அந்தக் கத்தி உங்கள் விரலுக்குத்தான் எதிரி.

இன்னொன்றையும் விளங்கிக்கொள்ள வேண்டும். கத்தியை அழுத்தி வெட்டும்போது அலகு மேலும் திறக்கத்தான் பார்க்கும், மூடாது. அந்தப் பக்கம் தடுப்பு இருப்பதால் ஒன்றும் நடக்காது. ஆபத்து வருவது மூன்று இடங்களில்: நுனியால் குத்தும்போது, இறுகிய அலகை அசைத்து இழுக்கும்போது, அலகின் முதுகு எதிலாவது தட்டும்போது. அப்போதுதான் அலகு மூடும் பக்கமாகத் தள்ளப்படுகிறது. பூட்டு இருப்பது இந்த நேரத்துக்காக. அன்று நான் செய்ததும் இரண்டாவது வேலைதான்.

பூட்டே இல்லாத கத்திகளும் உண்டு. சிவப்புப் பிடி போட்ட சுவிஸ் கத்தி அப்படிப்பட்டது. பிடியின் முதுகுப் பக்கம் ஒரு வில்லுத் தகடு இருக்கும். அது அலகின் அடியை எப்போதும் அழுத்திக்கொண்டிருக்கும். திறந்த நிலையிலும் மூடிய நிலையிலும் அந்த அடியின் தட்டையான பக்கம் வில்லின் மேல் படிந்து நிற்கும். கொஞ்சம் பலம் கொடுத்தால் மூடிவிடும். ஸ்விட்சர்லாந்தின் இபாக் என்ற ஊரில் 1884இல் பட்டறை தொடங்கிய கார்ல் எல்செனர் 1891இல் சுவிஸ் இராணுவத்துக்குக் கத்தி செய்து கொடுத்தார். அவர் தொடங்கிய தொழில்தான் இன்றைய விக்டோரினொக்ஸ். பூட்டு இல்லையே என்று பயப்பட வேண்டாம். தையல் பிரிக்க, பழம் வெட்ட, வயர் சீவ அது தாராளமாகப் போதும். குத்துவதற்கும் நெம்புவதற்கும் மட்டும் எடுக்காதீர்கள். அதே நிறுவனத்தின் பெரிய 111 மில்லிமீற்றர் கத்திகளில் பூட்டும் இருக்கிறது.

பூட்டு வகைகளில் எனக்கு மிகவும் பிடித்தது பிரான்சின் ஒப்பினெல் கத்தியில் உள்ள வளையம். மரப்பிடியின் கழுத்தில் ஓர் உலோக வளையம் இருக்கும். கத்தியைத் திறந்து வளையத்தைத் திருப்பினால் அலகு மடங்கும் வழி அடைபட்டுவிடும். அவ்வளவுதான். உடைவதற்கு அதில் ஒன்றும் இல்லை, பூட்டியிருக்கிறதா இல்லையா என்று கண்ணாலேயே தெரியும். ஜோசப் ஒப்பினெல் 1890இல் செய்யத் தொடங்கிய கத்திக்கு இந்த வளையம் 1955இல்தான் வந்தது. இதில் 8ஆம் இலக்கக் கத்தியின் அலகு 8.5 சென்ரிமீற்றர், சராசரி ஆண் கைக்குச் சரியான அளவு. ஒரு குறையும் உண்டு. எங்கள் மாரியில், நவம்பர் டிசம்பர் அடைமழையில், அதன் மரப்பிடி ஈரத்தில் ஊதி அலகை இறுக்கிவிடும். நகத்தால் இழுத்தால் நகம்தான் போகும். பிடியின் பின்பக்க நுனியை ஒரு பலகையில் தட்டினால் அலகின் முனை கொஞ்சம் வெளியே வரும், பிறகு இழுக்கலாம்.

அடுத்தது பிடியின் முதுகில் அழுத்தினால் விடுபடும் பூட்டு, பேக் லொக். அமெரிக்காவின் பக் நிறுவனம் 1964இல் கொண்டுவந்த 110ஆம் இலக்கக் கத்தியால் உலகெங்கும் பரவியது. உறுதி என்றால் அப்படியொரு உறுதி. ஆனால் அந்தக் கத்தி 200 கிராம் அளவு பாரம். சட்டைப்பையில் போட்டால் சட்டை ஒரு பக்கம் இழுபட்டுத் தொங்கும். அதே வகைப் பூட்டோடு பாரம் குறைந்த கத்திகளும் இப்போது வருகின்றன.

இன்று கடைகளில் அதிகம் தொங்குவது லைனர் லொக். பிடிக்குள் ஒரு மெல்லிய தகடு வளைந்து வந்து, திறந்த அலகின் அடிக்குப் பின்னால் முட்டுக் கொடுத்து நிற்கும். பெருவிரலால் அந்தத் தகட்டைப் பக்கவாட்டில் தள்ளினால்தான் மூடலாம். 1980களில் மைக்கல் வோக்கர் என்ற அமெரிக்கர் இன்றைய வடிவுக்குக் கொண்டுவந்த இது, நன்றாகச் செய்யப்பட்டால் மிக நல்ல பூட்டு. ஒரே கையால் திறந்து மூடலாம். மலிவாகச் செய்யும்போதுதான் சிக்கல். தகடு அலகின் அடியில் நுனியளவு மட்டும் ஒட்டிக்கொண்டு நிற்கும். என் விரலை வெட்டியதும் இந்த வகைதான். அதனால் இதை வாங்குவதென்றால் கத்தியைத் திறந்து, வெளிச்சத்தில் பிடித்து, தகடு எங்கே முட்டுகிறது என்று பாருங்கள். புதுக் கத்தியில் அலகு அடியின் அகலத்தில் கால்வாசியில் இருந்து அரைவாசி வரை தகடு வந்து நிற்க வேண்டும். ஓரத்தைத் தொட்டும் தொடாமலும் நின்றால் வைத்துவிட்டு வந்துவிடுங்கள். மறுகரை வரைக்கும் போயிருந்தாலும் வேண்டாம். பாவிக்கப் பாவிக்கத் தேய்ந்து அந்தப் பக்கமாகப் போவதுதான் அதன் இயல்பு, புதிதிலேயே போய்விட்டால் இனித் தேய இடம் இல்லை.

கடையில் நின்று செய்யக்கூடிய சோதனைகள் இன்னும் சில உண்டு. கத்தியை மூடி, நுனிப் பக்கமாகப் பாருங்கள். அலகு பிடியின் நடுவில் இருக்க வேண்டும், ஒரு பக்கத்தை உரசக் கூடாது. பிறகு திறந்து, அலகின் முதுகை இரு விரலால் பிடித்து இடம் வலமாக அசையுங்கள். கொஞ்சம் ஆட்டம் இருந்து, ஆணி திருகாணியாகவும் இருந்தால் இறுக்கிச் சரிசெய்யலாம். ஆணி அறைந்து தட்டப்பட்டிருந்தால் முடியாது. மேல் கீழாக ஆடினால் அது பூட்டின் பிழை, வீட்டில் சரிவராது. கடைசியாக, விரல்களை அலகின் வழியில் இருந்து முற்றாக எடுத்துவிட்டு, அலகின் முதுகை உள்ளங்கையால் மூடும் பக்கமாக மெதுவாக அழுத்துங்கள். பூட்டு அசையக் கூடாது. கடைக்காரர் முகத்தைச் சுளித்தாலும் பரவாயில்லை, செய்து பாருங்கள்.

மூட்டு சரி என்றால் அலகுக்கு வருவோம்.

எங்கள் பட்டறைகளில் கத்தி அடிக்க லொறியின் பழைய வில்லுத் தகட்டைத் தேடி எடுப்பதற்குக் காரணம் இருக்கிறது. அதில் கரிமம் 0.6 சதவீதம் அளவில் இருக்கும். கரிமம் அந்த அளவுக்கு இருந்தால்தான் செந்தணலாகச் சூடாக்கி எண்ணெயில் தோய்க்கும்போது இரும்பு வன்மையாகும். கொங்கிரீற் கம்பியை எவ்வளவு அடித்தாலும் நல்ல கத்தி வராது. தோய்த்த இரும்பு கண்ணாடி போல உடையக்கூடியது, அதனால் மறுபடி இளஞ்சூட்டில் வைத்துக் கொஞ்சம் தணிப்பார்கள். தணிப்பு குறைந்தால் வாய் பொரியும், கூடினால் வாய் மடியும். ஐயா தகட்டில் ஓடும் நிறத்தைப் பார்த்தே சொல்லிவிடுவார்.

தொழிற்சாலைகளில் இந்த வன்மையை ரொக்வெல் என்ற அளவால் சொல்வார்கள். விக்டோரினொக்ஸ் கத்தி ஒன்றை எடுத்துக்கொண்டால் பெரிய அலகு 56, மரம் அறுக்கும் வாளும் கத்தரிக்கோலும் 53, திருகாணி முடுக்கியும் டின் வெட்டியும் 52, உள்ளே இருக்கும் வில்லு 49. ஒரே கத்திக்குள் ஏன் இத்தனை அளவு? வெட்டும் பாகம் கூரைப் பிடித்து வைத்திருக்க வன்மை வேண்டும். முறுக்குப்படும் பாகத்துக்கும் வளைய வேண்டிய வில்லுக்கும் அந்த வன்மை கூடாது, ஒடிந்துவிடும். ஆகவே "எங்கள் கத்தி 62" என்று பெரிய எண்ணைச் சொல்லி விற்றால் உடனே மயங்க வேண்டாம். எண் கூடக் கூடக் கூர் நீண்ட நாள் நிற்கும், தீட்டுவது கடினமாகும், வாயில் பொரி விழுவதும் கூடலாம். முதல் கத்திக்கு 55 முதல் 58 வரை நல்ல அளவு. சாதாரண கல்லிலேயே தீட்டிவிடலாம்.

கறள் பிடிக்காத உருக்கா, பிடிக்கும் உருக்கா என்பது அடுத்த கேள்வி. 1913இல் ஷெஃபீல்டில் ஹரி பிரியர்லி உருக்கில் குரோமியம் கூடுதலாகச் சேர்த்துப் பார்த்ததில் கத்திகளுக்கு ஏற்ற ஸ்டெயின்லெஸ் பிறந்தது. குரோமியம் குறைந்தது 10.5 சதவீதம் இருந்தால்தான் இன்று அந்தப் பெயர் வைப்பார்கள். அந்தப் பெயரை நம்பி ஈரத்தோடு போட்டுவிடாதீர்கள், அதிலும் கறள் வரும், மெதுவாக வரும். முல்லைத்தீவு, நாயாறு, கொக்கிளாய்ப் பக்கம் கடல்வேலை செய்கிறவர்கள் உப்புத் தண்ணீர் பட்ட கத்தியை அன்றே நல்ல தண்ணீரில் கழுவ வேண்டும். அவர்களுக்கு ஸ்டெயின்லெஸ் தவிர வேறு ஒன்றையும் நான் சொல்ல மாட்டேன். அலகில் உருக்கின் பெயர் 12சி27 என்றோ 440சி என்றோ போட்டிருந்தால் நல்ல உருக்கு. டி2 என்றால் கூர் நன்றாக நிற்கும், குரோமியம் 12 சதவீதம் அளவில் இருந்தாலும் கறள் விடயத்தில் முழு ஸ்டெயின்லெஸ் போல நம்ப முடியாது. பெயரும் இல்லை, செய்த நாடும் இல்லை, வெறும் வடிவு மட்டும் என்றால் விடுங்கள்.

வயலுக்கும் தோட்டத்துக்கும் மட்டும் போகிறவர் என்றால் கரிம உருக்குக் கத்தியையும் யோசிக்கலாம். ஒப்பினெலில் அதுவும் உண்டு, கரிமம் 0.9 சதவீதம். தீட்டத் தீட்டக் கூர் எழும்பும், கல்லில் நாலு இழுவை போதும். ஆனால் தேசிக்காய் வெட்டி அப்படியே மடித்து வைத்தால் மறுநாள் கறுத்துவிடும். காலப்போக்கில் அலகு முழுக்கச் சாம்பல் நிறம் படரும். அது கெடுதல் இல்லை, செங்கறளை வரவிடாமல் ஓரளவு காக்கும். சிவப்பாகப் பொட்டுப் பொட்டாக வந்தால் மட்டும் உடனே தேய்த்து எடுங்கள்.

அலகின் தடிப்பைப் பலர் பார்ப்பதே இல்லை. தடித்தால் உறுதி என்று நினைக்கிறார்கள். பனங்கிழங்கைப் பிளக்கவும் மாங்காய் சீவவும் மெல்லிய அலகுதான் உள்ளே போகும், தடித்த அலகு ஆப்பு மாதிரி பிளந்துகொண்டு நிற்கும். முதுகில் 2 முதல் 3 மில்லிமீற்றர் தாராளம். நீளம் 7 முதல் 9 சென்ரிமீற்றர். நுனி கூராக இருந்தால் தையல் பிரிக்க நல்லது. வலைகளோடும் இறப்பர்ப் படகோடும் வேலை என்றால் நுனி மழுங்கி இறங்கிய அலகை வாங்குங்கள், கடல்காரர்கள் அதை விரும்புவதன் காரணம் வள்ளம் ஆடும்போது ஆளையும் குத்தாது, பொருளையும் குத்தாது. பல்லு வைத்த அலகு கயிற்றை நன்றாக அறுக்கும், வீட்டில் தீட்டக் கஷ்டம். முதல் கத்திக்கு வேண்டாம்.

பிடி பற்றி அதிகம் சொல்ல இல்லை. வியர்த்த கையோடும் சேற்றுக் கையோடும் பிடித்துப் பாருங்கள், அல்லது கடையில் கையை நனைத்துப் பிடித்துப் பாருங்கள். வழுக்கினால் வேண்டாம். நகத்தால் இழுக்கும் பள்ளம் மட்டும் உள்ள கத்தியைச் சேற்றுக் கையால் திறக்கவே முடியாது, பெருவிரலால் தள்ளும் குமிழ் உள்ளது வயலுக்கு லேசு.

எங்கே வைப்பது என்பதையும் யோசித்து வாங்க வேண்டும். காற்சட்டை போடுகிறவர்களுக்குக் கிளிப் வைத்த கத்தி வசதி. சாரம் கட்டுகிறவர்களுக்குச் சட்டைப்பைதான் இடம், கிணற்றுக்குள் எட்டிப் பார்க்கும்போது அது தண்ணீருக்குள் போய்விடும். எனக்கு ஒன்று போயிருக்கிறது. பிடியின் அடியில் துளை உள்ள கத்தியாகப் பார்த்து, ஒரு சாண் கயிறு கட்டிச் சட்டையின் பொத்தான் துளையில் மாட்டிவிடுங்கள்.

வேலைக்குப் போகும்போது கத்தி கருவி. வற்றாப்பளைப் பொங்கலுக்கோ, பள்ளிக்கூடத்துக்கோ, ஆஸ்பத்திரிக்கோ, நீதிமன்றத்துக்கோ போகும்போது வீட்டில் வைத்துவிட்டுப் போங்கள். விசையைத் தட்டினால் தானாகப் பாயும் கத்தியை வாங்கவே வேண்டாம். அது எந்த வேலையையும் கூடுதலாகச் செய்வதில்லை, பார்ப்பவர் மனதில் பயத்தை மட்டும் உண்டாக்கும். விமானத்தில் போவதென்றால் கைப்பையில் வைக்காமல் பெரிய பெட்டிக்குள் போடுங்கள். லண்டனில் இருக்கும் சொந்தக்காரருக்கு அன்பளிப்பாக வாங்கினால் ஒன்றை நினைவில் வையுங்கள்: அங்கே வெட்டும் வாய் 7.62 சென்ரிமீற்றருக்கு மேல் போகாத, பூட்டு இல்லாத மடக்குக் கத்தியைத்தான் காரணம் காட்டாமல் பொது இடத்தில் வைத்திருக்கலாம். பூட்டுள்ளது சின்னதாக இருந்தாலும் தகுந்த காரணம் வேண்டும்.

கத்தியால் செய்யக் கூடாதது என்று ஒரு பட்டியல் போட விருப்பமில்லை. பெயின்ற் டின் மூடியை நெம்பினால் நுனி ஒடியும், அதை எல்லோரும் ஒருமுறை ஒடித்துத்தான் படிக்கிறார்கள். ஆனால் ஒன்றைக் கட்டாயம் சொல்ல வேண்டும். காணி துப்புரவாக்கும்போதோ கான் வெட்டும்போதோ மண்ணுக்குள் ஏதாவது உலோகம் தெரிந்தால் கத்தி நுனியால் கிண்டிப் பார்க்காதீர்கள். எங்கள் மண்ணில் என்ன கிடக்கிறது என்று எங்களுக்குத் தெரியும். தொடாமல், வந்த அடியிலேயே திரும்பி நடந்து, பொலிஸுக்கோ கிராம அலுவலருக்கோ அறிவியுங்கள். பிள்ளைகளுக்கும் சொல்லி வையுங்கள்.

இனித் தீட்டுவது. மொட்டைக் கத்திதான் கையை வெட்டும் என்பார்கள், உண்மை. கூர் இல்லாவிட்டால் அழுத்துவோம், அழுத்தினால் வழுக்கும். ஒரு பக்கம் 400 (கரடு), மறுபக்கம் 1000 (மென்மை) என்று உள்ள ஒரு கல் வாங்கினால் வருடக்கணக்கில் போதும். கல் கிடைக்காத அவசரத்தில் தேத்தண்ணிக் கோப்பையைக் கவிழ்த்து, அடியில் மினுக்கம் பூசாத வளையத்தில் இழுக்கலாம், நன்றாகவே வேலை செய்யும். அலகைக் கல்லில் சுமார் 20 பாகை சரிவில் பிடிக்க வேண்டும். கண்ணுக்குப் பழகும் வரை ஒரு வழி உண்டு. சதுரக் கடதாசி ஒன்றின் மூலை 90 பாகை. அதை மூலைக்கு மடித்தால் 45, மறுபடி மடித்தால் 22.5. அந்த மடிப்பைக் கல்லின் மேல் வைத்து, அலகை அதற்குச் சற்றுத் தாழ்வாகப் பிடித்துப் பழகுங்கள். ஒரு பக்கத்தையே இழுத்துக்கொண்டிருக்க, மறுபக்க வாயில் விரலால் தடவினால் தட்டுப்படும் மெல்லிய சுணை எழும்பும். விரலை வாயின் நீளத்துக்கு ஓட்டாமல், முதுகில் இருந்து வெளிப்பக்கமாகத் தடவிப் பாருங்கள். சுணை வந்தால் அந்தப் பக்கம் முடிந்தது, திருப்புங்கள். கடைசியில் பழைய தோல் பெல்ற்றில் அலகைப் பின்பக்கமாக இழுத்துச் சுணையை எடுத்துவிடுங்கள். புதினப் பத்திரிகைத் தாளைத் தொங்கவிட்டு வெட்டிப் பாருங்கள். கிழியாமல் இறங்கினால் சரி.

மாதத்துக்கு ஒருமுறை மூட்டுக்குக் கொஞ்சம் நேரம் ஒதுக்குங்கள். உரத் தூளும் மணலும் சேறும் அங்கேதான் போய் அடையும். கத்தியைத் திறந்து, மண்ணெண்ணெய் கொஞ்சம் ஊற்றி, பத்துத் தடவை திறந்து மூடினால் கறுப்பாக அழுக்கு வெளியே வரும். துணியால் துடைத்து, வெயிலில் காயவிட்டு, தையல் மெசின் எண்ணெய் ஒரு துளி மூட்டில் விடுங்கள். அலகில் பழம், மரக்கறி வெட்டுகிறீர்கள் என்றால் அலகுக்கு மட்டும் தேங்காய் எண்ணெய் பூசலாம். மறுபடி பத்துத் தடவை திறந்து மூடி, பூட்டு "டக்" என்று விழுகிறதா என்று காது கொடுத்துக் கேளுங்கள்.